கருவி வாங்கும் முன் தரையைப் பாருங்கள்: குடும்பப் பண்ணையில் உடற்பயிற்சி வகுப்பு

கேள்வி: ஜிம் ஒன்றில் ஆறு ஆண்டுகள் பயிற்சியாளராக இருந்தேன். இப்போது எங்கள் குடும்பப் பண்ணைக்கே திரும்பிவிட்டேன். மொத்தம் ஐந்து ஏக்கர். மூன்றரை ஏக்கரில் பயிர் இருக்கிறது. மாட்டுக் கொட்டகையில் பன்னிரண்டு மாடுகள், பக்கத்தில் ஒரு குட்டை, பின்பக்கம் லேசான சரிவோடு தரிசு நிலம். அந்தத் தரிசில் திறந்தவெளி உடற்பயிற்சி வகுப்பு நடத்த ஆசை. தடை ஓட்டப் பாதை, கயிறு ஏறுதல், சேற்றில் தவழ்தல் எல்லாம் மனத்தில் இருக்கின்றன. சேமிப்பைப் போட்டுக் கருவிகள் வாங்கிவிடலாமா? இரண்டு பழைய டிராக்டர் டயர்கள் சும்மா கிடக்கின்றன, அவை உதவுமா? "விளைகிற நிலத்துக்குள்ளே ஊராரைக் கூப்பிட்டுக் குதிக்க வைக்கப் போறியா?" என்கிறார் அப்பா. அண்ணன் வாயே திறப்பதில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

சேமிப்பை இப்போது தொட வேண்டாம். அதற்கு வேறொரு வேலை இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். ஜிம்முக்கு வருபவர் கருவியைத் தேடி வருகிறார். பண்ணைக்கு வருபவர் சரிவையும் நிழலையும் காலைக் காற்றையும் தேடி வருவார். இவை மூன்றும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. பண்ணை வகுப்புகளைக் கெடுப்பவை பெரும்பாலும் வேறு விஷயங்கள்: மழைக்குப் பிறகு காயாத தரை, வண்டி நிறுத்த இடமில்லாமை, கழிப்பறை, பண்ணை வேலையோடு நேர மோதல், வீட்டுக்குள் வளரும் மனத்தாங்கல். அதனால் தரையை முதலில் பாருங்கள். அடுத்தது ஆட்கள் வந்து போகும் வழி, அதற்கடுத்தது வருகிற ஆட்கள். கருவி கடைசி.

பின்பக்கத் தரிசைத் தேர்ந்தெடுத்தது சரி. பயிர் நிலத்தில் ஓர் அடிகூடக் கேட்காதீர்கள். இடம் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாகவே தேவைப்படும். பன்னிரண்டு பேருக்கு, ஆளுக்கு 3 மீட்டருக்கு 3 மீட்டர் வீதம் 108 சதுர மீட்டர். ஓட்டத்துக்கு 25 மீட்டர் நீளம், ஓடி வந்த வேகத்தில் நிற்க இரு முனையிலும் 5 மீட்டர். எல்லாம் சேர்த்து 20 மீட்டருக்கு 35 மீட்டர் போதும். அதாவது 700 சதுர மீட்டர், ஏறத்தாழ ஏக்கரில் ஆறில் ஒரு பங்கு. அப்பாவிடம் "பண்ணையில் வகுப்பு நடத்துகிறேன்" என்பதற்கும் "பின்னால் கிடக்கும் தரிசில் ஆறில் ஒரு பங்கு ஏக்கர் வேண்டும்" என்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

அந்த 700 சதுர மீட்டர் எங்கே என்பதை மழை சொல்லும். அடுத்த பலத்த மழை விட்ட இரண்டு மணி நேரத்துக்குள் இருபது குச்சிகளோடு போங்கள். தண்ணீர் நிற்கும் இடத்திலெல்லாம் ஒரு குச்சி நடுங்கள். மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடி போய்ப் பாருங்கள். குச்சியடியில் இன்னும் தண்ணீரோ, மிதித்தால் பிதுங்கும் சேறோ இருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். மேலே மண் கொட்டி அதைச் சரிசெய்துவிடலாம் என்று தோன்றும். வடிய வழியில்லாத இடத்தில் கொட்டுகிற மண்ணும் சேறாகத்தான் போகும்.

மழைக்காகக் காத்திருக்க முடியாவிட்டால் 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழத்தில் ஒரு குழி வெட்டுங்கள். நீர் ஊற்றி ஒருமுறை முழுக்க வடிய விடுங்கள். காய்ந்த மண் முதல் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் முதல் தடவை அளப்பது ஏமாற்றும். இரண்டாம் முறை நிரப்பி ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். 2.5 செ.மீ.க்குக் குறைவாக இறங்கினால் களிமண் தரை, வடிகால் இல்லாமல் மழைக்காலத்தில் உதவாது. 2.5 முதல் 7.5 செ.மீ. வரை இறங்கினால் நல்ல தரை. மேற்பரப்பில் 1 முதல் 2 சதவீதச் சரிவு இருக்கட்டும். 20 மீட்டர் அகலத்துக்கு 20 முதல் 40 செ.மீ. இறக்கம் என்றால் தண்ணீர் ஓடிவிடும், கால் அதை உணராது. மேட்டுப் பக்கத்திலிருந்து வரும் நீரைத் திருப்ப, களத்தின் மேல் விளிம்பில் ஒரு சிறு வாய்க்கால் வெட்டிப் பக்கவாட்டில் விட்டுவிடுங்கள். அண்ணனுக்கு இது ஒரு காலை வேலை. கேட்டுப் பாருங்கள், பேசாமல் இருப்பவர்கள் மண்வெட்டியோடு வந்து நிற்பதுண்டு.

புல் தரையே போதும். ஆனால் அது தேயும். வாரம் மூன்று நாள் பன்னிரண்டு பேர் ஓடினால் முதலில் வழுக்கை விழுவது ஓடும் பாதையின் நடுவில் அல்ல, இரு முனைகளில், ஆட்கள் நின்று திரும்பும் இடத்தில். ஆகவே ஓட்டக் கோட்டை வாரத்துக்கு 2 மீட்டர் நகர்த்துங்கள். நான்கு கோடுகளைச் சுழற்சியில் வைத்தால் ஒவ்வொன்றுக்கும் மூன்று வாரம் ஓய்வு கிடைக்கும். புல்லை 5 முதல் 7 செ.மீ. உயரத்தில் வைத்திருங்கள். அதைவிட உயர்ந்தால் எலி வளையும் பள்ளமும் கண்ணுக்குத் தெரியாது. கணுக்கால் சுளுக்கு பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது. பாம்பும் உயர்ந்த புல்லைத்தான் தேடும்.

பண்ணை மண்ணில் பழைய ஆணி, முள்கம்பித் துண்டு, கட்டுக் கம்பி, உடைந்த கண்ணாடி புதைந்திருக்கும். தொடங்குமுன் களம் முழுக்க இரும்புப் பல் வாரியால் குறுக்கும் நெடுக்குமாக இருமுறை வாருங்கள். பிறகு ஒரு கட்டையில் காந்தங்களைக் கட்டித் தரையை ஒட்டி இழுங்கள். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் புதிதாகச் சில மேலே வரும், அதனால் இது ஒருமுறை செய்து முடிக்கிற வேலை இல்லை. சேர்பவர்கள் கடந்த பத்து ஆண்டுகளுக்குள் டெட்டனஸ் தடுப்பூசி போட்டிருக்கிறார்களா என்று சேர்க்கைப் படிவத்திலேயே கேளுங்கள்.

அடுத்து வழி. நான் மிக வலியுறுத்துவது இதைத்தான். வாசலிலிருந்து களத்துக்குப் போகும் பாதை மாட்டுக் கொட்டகையையும் டிராக்டர் ஓடும் பாதையையும் வீட்டு முற்றத்தையும் தொடாமல் இருக்க வேண்டும். சுற்றிப் போனாலும் பரவாயில்லை. பாதையைத் தனியாகப் பிரிக்க முடியாவிட்டால் நேரத்தைப் பிரியுங்கள். வகுப்பு தொடங்கப் பதினைந்து நிமிடம் முன்பிருந்து, கடைசி வண்டி வெளியேறிப் பதினைந்து நிமிடம் வரை எந்தப் பண்ணை வாகனமும் நகராது என்று எழுதி வையுங்கள். டிராக்டர் இருக்கையில் இருப்பவருக்கு எஞ்சின் சத்தத்தில் கூப்பிடுவது கேட்காது. பின்னால் இழுத்து வரும் கருவியின் ஓரம் அவர் கண்ணில் படாது. காதில் பாட்டோடு ஓடிவருபவருக்கும் அதே நிலைதான். களத்தில் இயர்போன் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

மருந்து தெளிப்பு இரண்டாவது மோதல். பூச்சிக்கொல்லி லேபிள்களில் பொதுவாக, தெளித்த பிறகு எத்தனை மணி நேரம் அந்த நிலத்துக்குள் ஆள் போகக் கூடாது என்று இருக்கும். மருந்துக்கு மருந்து அது மாறும். 12, 24, 48 மணி நேரம் என்று பல வகை உண்டு. லேபிளில் உள்ளதையே சட்டமாக எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் களம் தெளித்த நிலத்துக்குள் இல்லை என்றாலும் காற்று கொண்டுவந்துவிடும். மூச்சு வாங்க ஓடுகிறவர் சும்மா நிற்பவரைவிடப் பல மடங்கு காற்றை உள்ளே இழுக்கிறார். ஆகவே தெளிப்பு நாளில் வகுப்பு கிடையாது. கொட்டகைச் சுவரில் ஒரு பலகை மாட்டி எந்த நிலம், என்ன மருந்து, எந்த நாள், எத்தனை மணி என்று தெளிப்பவரே எழுதட்டும்.

சேற்றில் தவழ்வதைக் கைவிடுங்கள். பார்க்க உற்சாகமாக இருக்கும், படம் எடுத்தால் அழகாக வரும். ஆனால் மாடு நடமாடும் நிலத்துச் சேறு வெறும் சேறு அல்ல. 2012 அக்டோபரில் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ஒரு கால்நடைப் பண்ணையில் நீண்ட தூரத் தடை ஓட்டம் நடந்தது. அதில் ஓடியவர்களில் 22 பேருக்குக் கேம்பிலோபாக்டர் கிருமியால் வயிற்றுப்போக்கு நோய் வந்ததாக ஆய்வில் அடையாளம் கண்டார்கள். தவறிப்போய்ச் சேற்றுத் தண்ணீரை விழுங்கியதற்கும் நோய்க்கும் தெளிவான தொடர்பு இருந்தது. தவழும்போது வாய் தரையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு கவனம் இருந்தாலும் துளி தெறிக்கும். குட்டையும் அப்படியே. எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய நீர், சிராய்ப்பு வழியாக லெப்டோஸ்பைரோசிஸ் நோயைக் கொண்டுவரலாம். குட்டையைச் சுற்றி 1.2 மீட்டர் உயர வேலியும், சாணக் குழி இருந்தால் அதைச் சுற்றிப் பூட்டுள்ள வேலியும் போடுங்கள். குழியைக் கிளறும்போது வெளிவரும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு சில நிமிடங்களில் ஆளைச் சாய்க்கும். காப்பாற்ற இறங்குபவரும் சாய்வார். கன்று ஈன்ற மாடு மேய்ச்சலில் இருந்தால் அதற்கும் களத்துக்கும் நடுவே ஒன்றுக்கு இரண்டு வேலி வேண்டும். கூட்டமாக ஓடிவரும் ஆட்களைக் கண்டால் கன்றுக்காக அது பாயும்.

களத்திலிருந்து திரும்பும் வழியிலேயே குழாயும் சோப்பும் வையுங்கள். சேறு ஒட்டிய கையில் சானிடைசர் சரியாக வேலை செய்யாது, சோப்பும் ஓடும் நீரும்தான் வேண்டும். கழிப்பறை வீட்டுக்குள் இருப்பதைக் கொடுக்காதீர்கள். முதல் வாரம் அம்மா சிரித்துக்கொண்டே கதவைத் திறப்பார், ஆறாவது வாரம் அதுவே சண்டையாகும். தனியாக ஒன்று இருந்தால் இருபது பேர் வரை சமாளிக்கலாம். கிணற்று நீரைக் குடிக்கக் கொடுப்பதானால் கோலிஃபார்ம் கிருமிக்கும் நைட்ரேட்டுக்கும் பரிசோதித்த அறிக்கை கையில் இருக்க வேண்டும். உரமிட்ட நிலத்துக் கிணற்றில் நைட்ரேட் கூடுதலாக இருப்பது சகஜம்.

வண்டி நிறுத்த, திருப்புவதையும் சேர்த்து ஒரு காருக்கு 25 சதுர மீட்டர் கணக்கு. பத்து கார் என்றால் 250. அடுத்தடுத்து இரண்டு வகுப்பு வைத்து இடையில் இடைவெளி விடாவிட்டால் அது 500 ஆகிவிடும். பதினைந்து நிமிட இடைவெளி அந்தப் பாதி இடத்தை மிச்சப்படுத்தும். ஈரப் புல்லில் நிறுத்தவே விடாதீர்கள். வண்டி சிக்கிக்கொள்வது ஒரு பக்கம் இருக்க, சக்கரம் இறுக்கிய மண் பல ஆண்டுகளுக்குத் தண்ணீர் குடிக்காது. அப்பா கோபப்பட்டால் அந்தக் கோபம் நியாயம்.

இனி வருகிற ஆட்கள். ஜிம்மில் நான்கு சுவர் இருக்கிறது, எல்லாரும் கண்முன் நிற்பார்கள். பண்ணையில் ஒருவர் சரிவின் மறுபக்கம் போனால் விழுந்தாலும் தெரியாது. அதனால் தொடக்கத்தில் எட்டுப் பேருக்கு ஒரு பயிற்சியாளர், எல்லா நிலையங்களும் (ஒவ்வொரு பயிற்சியும் நடக்கும் இடங்கள்) நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து 30 மீட்டருக்குள், ஒன்றுகூட மறைவில் இல்லாமல் அமைத்துக்கொள்ளுங்கள். சேர்க்கும்போது பார்-க்யூ என்ற உடற்தகுதிக் கேள்வித்தாளைப் பயன்படுத்துங்கள். ஜிம்மில் இருந்தவருக்கு அது பழக்கமானதுதான். பண்ணைக்கென்று இரண்டு கேள்விகள் சேர்க்க வேண்டும்: ஆஸ்துமா அல்லது வைக்கோல் தூசு ஒவ்வாமை உண்டா? தேனீ, குளவி கொட்டினால் உடல் வீங்குமா, மூச்சுத் திணறுமா? ஆம் என்பவர் தம் மருந்தைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும். காரில் இருக்கிறது என்றால் அனுமதிக்காதீர்கள்.

புதியவர்களை முதல் இரண்டு வாரம் பாதி அளவில் நிறுத்துங்கள். வந்த உற்சாகத்தில் அவர்களே கூடுதலாகக் கேட்பார்கள். பழகாத தசையில் நூறு குதிப்பும், பார் என்ற குறுக்குக் கம்பியைப் பிடித்து மேலிருந்து மெதுவாக இறங்கும் பயிற்சியும் ஒரே நாளில் கொடுத்தால் தசை நார் சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலை வரலாம். கடும் வலியும் வீக்கமும், கோலா நிறத்தில் சிறுநீரும் அடையாளம். கண்டால் அன்றே மருத்துவமனை. வெயிலுக்கு உடல் பழகவே 10 முதல் 14 நாள் ஆகும் என்பதும் இந்தப் பாதி அளவுக்கு இன்னொரு காரணம்.

வெயிலை வெறும் வெப்பமானியால் அளக்காதீர்கள். வெப்பம், ஈரப்பதம், நேரடி வெயில், காற்று நான்கையும் சேர்த்து ஓர் எண்ணாகக் காட்டும் டபிள்யூபிஜிடி கைக்கருவி இருக்கிறது. நீங்கள் வாங்க வேண்டிய முதல் கருவி என்றால் அதைச் சொல்வேன். பலவகை உடல்தகுதி உள்ளவர்கள் கலந்த குழுவுக்கு அந்த எண் 28ஐத் தாண்டினால் கடும் பயிற்சியைக் குறைத்து ஓய்வைக் கூட்டுங்கள், 32ஐத் தாண்டினால் வகுப்பை நிறுத்துங்கள்.

ஒருவர் தடுமாறி, உளறி, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால் அது வெப்பத் தாக்காக இருக்கலாம். ஆம்புலன்ஸை அழையுங்கள், ஆனால் அது வரும்வரை காத்திருக்காமல் உடனே குளிர்விக்கத் தொடங்குங்கள். விழுந்த அரை மணி நேரத்துக்குள் உடல் வெப்பம் இறங்க வேண்டும். பண்ணையில் இதற்கு வசதி அதிகம். ஒரு தார்ப்பாயில் அவரைப் படுக்க வைத்து, நான்கு பேர் ஓரங்களைத் தூக்கித் தொட்டி போலாக்கி, நூறு லிட்டர் அளவுக்குக் குளிர்ந்த நீரும் கிடைக்கிற பனிக்கட்டியும் ஊற்றி நீரை அலசிக்கொண்டே இருங்கள். தலை நீருக்கு மேலே இருக்கட்டும். தார்ப்பாயைக் களத்திலேயே மடித்து வையுங்கள், வகுப்புக்கு வருபவர்களை வைத்தே ஒருமுறை ஒத்திகையும் பாருங்கள்.

மின்னலுக்கு விதி எளியது. மின்னல் வெட்டி 30 விநாடிக்குள் இடி கேட்டால் வகுப்பு முடிந்தது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி வெளியே வரலாம். மரத்தடியும் பக்கம் திறந்த தகரக் கொட்டகையும் அடைக்கலம் ஆகாது. சுவரும் கூரையும் உள்ள வீடு, இல்லையென்றால் கண்ணாடி ஏற்றிய கார்.

இதயத் துடிப்பு நின்று ஒருவர் விழுந்தால் மார்பு அழுத்தம் நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 முதல் 6 செ.மீ. இது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அண்ணனுக்கும் தெரிய வேண்டும், ஏனென்றால் விழுபவர் நீங்களாகவும் இருக்கலாம். மின்னதிர்ச்சி கொடுத்து இதயத் துடிப்பை மீட்கும் டிஃபிப்ரிலேட்டர் கருவி கிடைக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. அருகில் எங்கே ஒன்று இருக்கிறது என்று விசாரித்து வையுங்கள். ஆம்புலன்ஸ் பண்ணைக்கு வழி தேடித்தான் நேரத்தை இழக்கும். நுழைவாயில் 3.5 மீட்டர் அகலமாவது இருக்கட்டும். அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் களத்துப் பலகையில் பெரிதாக எழுதுங்கள். களத்தின் நான்கு மூலையிலும் நின்று செல்போன் சிக்னல் கிடைக்கிறதா என்று பாருங்கள். சிக்னல் இல்லாத மூலையில் நிலையம் வேண்டாம்.

இப்போது கருவி. முதல் பன்னிரண்டு வாரத்துக்கு மணல் மூட்டை, தண்ணீர் கேன், ஒரு மரக்கட்டை, இழுக்க ஒரு கார் டயர், 10 மீட்டர் கயிறு இவை போதும்.

மணல் மூட்டைக்குப் பழைய உரச் சாக்கு கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கும். அதைத் தொடாதீர்கள். தையலில் ஒட்டியிருக்கும் உரத்தூள் வியர்வையில் கரைந்து கழுத்தையும் கண்ணையும் எரிக்கும், பிளாஸ்டிக் நெசவு வெயிலில் சில மாதங்களில் பொடிந்துவிடும். தடித்த கேன்வாஸ் பைக்குள் இன்னொரு உள்பை வைத்து நிரப்புங்கள். உலர்ந்த மணல் லிட்டருக்கு ஏறத்தாழ 1.6 கிலோ, ஆகவே 10 கிலோ மூட்டைக்கு 6 லிட்டருக்குச் சற்று மேல். பையை முழுக்கத் திணிக்காமல் கால்பங்கு காலி விடுங்கள், தோளில் படிந்து உட்காரும். மழையில் நனைந்தால் எழுதிய எடை பொய்யாகிவிடும் என்பதால் இரவு கூரைக்குள் இருக்கட்டும்.

இரு கையிலும் கேன் தூக்கிச் சரிவில் ஏறுவது, எனக்குத் தெரிந்து பண்ணைக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி இல்லை. 40 மீட்டர் ஏற்றம், மேலே கேனை வைத்துவிட்டு வெறுங்கையோடு நடந்து இறக்கம். எடையோடு இறங்கினால் முழங்கால் வாங்கும். எடையைக் குறைக்க 20 லிட்டர் கேனில் பாதி நிரப்புவார்கள், அது தப்பு. உள்ளே நீர் அலைந்து ஒவ்வோர் அடியிலும் இடுப்பைப் பக்கவாட்டில் இழுக்கும். கழுத்துவரை நிரப்பிய 10 லிட்டர் கேனைக் கொடுங்கள். இங்கும் மருந்து வந்த கேன் கூடவே கூடாது.

மரக்கட்டை 15 செ.மீ. விட்டம், 2 மீட்டர் நீளம் என்றால் மரத்தைப் பொறுத்து 25 முதல் 30 கிலோ இருக்கும். பட்டையை உரித்து, கணுக்களைச் செதுக்கி, முனைகளை உருட்டிவிடுங்கள். இருவர் தூக்குவதானால் ஒரே உயரமுள்ள இருவர். குட்டையானவர் தோளில்தான் பாரம் சாயும்.

பார் ஒன்று மட்டும் நிலையாக நடலாம். அதையும் பன்னிரண்டு வார முதல் சுற்று முடிந்த பிறகு. 3.3 மீட்டர் தூண்கள், 90 செ.மீ. மண்ணுக்குள், குழியின் அடியில் 10 செ.மீ. ஜல்லி, மேலே கான்கிரீட். கான்கிரீட்டின் மேற்பரப்பைத் தூணிலிருந்து வெளிப்புறமாகச் சரித்து விடுங்கள். மரத் தூண் அழுகுவது மண்ணும் காற்றும் சந்திக்கும் அந்த விளிம்பில்தான். அங்கே தண்ணீர் நின்றால் வெளியே நன்றாகத் தெரியும் தூண் உள்ளே பொத்தலாகி ஒருநாள் முறியும். குறுக்குக் குழாய் 33 முதல் 34 மி.மீ. வெளி விட்டம், 4 மி.மீ. சுவர்த் தடிமன், தூண்களுக்கிடையே 1.2 மீட்டருக்கு மேல் வேண்டாம், ஒரு நேரத்தில் ஒருவர். ஏழு நாளில் கான்கிரீட் மூன்றில் இரண்டு பங்கு வலுதான் பெறும். 28 நாள் பொறுங்கள். பிறகு மொத்தம் 200 கிலோ வரும் மூட்டைகளைத் தொங்கவிட்டு ஒரு மணி நேரம் விட்டு, குழாய் வளைந்ததா, தூண் அசைந்ததா என்று பாருங்கள். சுற்றிலும் 1.5 மீட்டருக்கு எதுவும் இருக்கக் கூடாது. திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகளுக்கான ஐரோப்பியத் தரநிலை இ.என். 16630 கேட்கும் குறைந்தபட்ச இடைவெளியும் அதுவே. கீழே 30 செ.மீ. மரச்சில்லு பரப்புங்கள். மேலே உள்ள 10 செ.மீ. காலில் சிதறிப் போகும் என்பதைச் சேர்த்த கணக்கு அது, வாரம் ஒருமுறை வாரி நடுவுக்குத் தள்ள வேண்டும். கயிறு ஏறுவது இரண்டாம் ஆண்டுக்கு. 4 மீட்டர் உயரத்தில் கை தளர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் உங்களுக்கே அவசரம் போய்விடும்.

டிராக்டர் டயர் கேட்டிருந்தீர்கள். பின் சக்கர டயர் 100 கிலோவைத் தாண்டும், பெரியது 200ஐயும் தாண்டும். புரட்டுவதற்கு வேண்டாம். கையை மடக்கி வைத்துத் தூக்க முயல்பவருக்கு மேற்கைத் தசைநாண் அறுந்துபோகலாம், பாதியில் விட்டவருக்கு விரல் நசுங்கலாம். ஒன்றைத் தரையில் படுக்க வைத்து 4 கிலோ சம்மட்டியால் அடிக்கவும், விளிம்பில் கையூன்றித் தண்டால் எடுக்கவும் பயன்படுத்துங்கள். அதற்கு முன் உட்பக்கம் முழுக்கக் கந்தைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். எஃகுக் கம்பி நீட்டியிருந்தால் துணி மாட்டும், அந்த டயர் உதவாது. கீழ்ப்பக்கச் சுவரில் 2 செ.மீ. துளைகள் நான்கு போடாவிட்டால் மழைநீர் தேங்கிக் கொசு பெருகும். தேளும் பாம்பும் தங்குவதற்கு வசதியான இடம் என்பதால் வகுப்புக்கு முன் ஒரு நீளக் கம்பால் உள்ளே தட்டிய பிறகே கை வைக்க வேண்டும்.

சேமிப்புக்கு வருகிறேன். ஒருவரின் பன்னிரண்டு வாரக் கட்டணத்தை ஒரு பங்கு என்று வையுங்கள். காப்பீடு, கழிப்பறைப் பராமரிப்பு, புல் வெட்டு, பழுது, நில வாடகை எல்லாம் சேர்ந்து பன்னிரண்டு வாரத்துக்கு 6 பங்கு, உங்கள் சம்பளம் 10 பங்கு என்று கொள்வோம். ஓர் ஆளுக்கு நீர், சோப்பு போன்ற செலவு போக மிஞ்சுவது 0.9 பங்கு. 16ஐ 0.9ஆல் வகுத்தால் 18 பேர். பன்னிரண்டு பேர் கொண்ட இரண்டு குழுக்களில் முக்கால்வாசி நிரம்பினால்தான் உங்களுக்குச் சம்பளம் முழுதாக வரும். முதல் சுற்றில் எட்டுப் பேர் வந்தால் 7.2 பங்கு. செலவு போக உங்களுக்கு நிற்பது 1.2தான். ஆக, உங்கள் சேமிப்பின் வேலை முதல் மூன்று, நான்கு மாதம் உங்களைக் காப்பாற்றுவது. அதைக் கருவியில் போட்டவர்கள் மூன்றாம் மாதம் கட்டணத்தைக் குறைத்து ஆள் பிடிக்கப் பார்ப்பார்கள், அங்கிருந்து மீள்வது கடினம். உங்கள் எண்களைப் போட்டு இதே கணக்கைச் செய்து பாருங்கள்.

மாதக் கட்டணத்தைவிடப் பன்னிரண்டு வாரச் சுற்றாக விற்பது நல்லது. மழையால் நின்றால் என்ன என்பதை ரசீதிலேயே எழுதுங்கள்: வாரம் மூன்றில் ஒன்று நின்றால் மாட்டுக் கொட்டகை அல்லாத ஒரு கூரையடியில் மாற்று வகுப்பு, இரண்டு நின்றால் சுற்று ஒரு வாரம் நீளும். பணம் திருப்பித் தருவதா இல்லையா என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேச ஆரம்பித்தால் முடிவே இராது.

பண்ணைக் காப்பீடு பொதுவாக விவசாயத்தை மட்டுமே கணக்கில் கொள்ளும். பணம் கொடுத்து வரும் ஆட்கள் வேறு வகை. காப்பீட்டு முகவரிடம் வாய்மொழியாகக் கேட்டு விட்டுவிடாமல், திறந்தவெளி உடற்பயிற்சி வகுப்பு, இத்தனை பேர், இந்தக் கருவிகள் என்று எழுதிக் கொடுத்து எழுத்தில் பதில் வாங்குங்கள். வருபவர் கையெழுத்திட்ட பொறுப்புத் துறப்புத் தாள் உங்கள் கவனக்குறைவை மறைக்காது. விவசாய நிலத்தில் கட்டணச் சேவை நடத்த அனுமதி வேண்டுமா என்பதை உள்ளாட்சி அலுவலகத்தில் கேளுங்கள். நிலம் கூட்டுப் பெயரில் இருந்தால் பெயருள்ள அத்தனை பேரின் சம்மதமும் எழுத்தில் தேவை.

அப்பாவின் கேள்விக்கு வாதத்தால் பதில் சொல்ல முயலாதீர்கள். ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: எந்த இடம், எத்தனை சதுர மீட்டர், எந்த நாள், எத்தனை மணிமுதல் எத்தனை மணிவரை, பன்னிரண்டு வாரம் கழித்து நிறுத்துவதா தொடர்வதா என்று முடிவெடுப்பவர் யார். நில வாடகை என்று ஒரு தொகையை, சிறியதானாலும், மாதம் தவறாமல் அவர் கையில் கொடுங்கள். சொந்தப் பெண்ணிடம் வாடகையா என்று மறுப்பார். அண்ணனுக்கும் அந்த நிலத்தில் பாத்தியதை உண்டு என்பதால் கணக்கில் எழுதியே கொடுங்கள். அண்ணனின் மௌனத்துக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கணக்குதான் இருக்கும். புல் வெட்டும் டீசல் யாருடையது, டிராக்டரில் ஓட்டிக் கொடுத்தால் மணிக்கு என்ன என்பதும் அதே தாளில் வரட்டும்.

பிறகு ஒரு காலண்டரை எடுத்து உழவு, விதைப்பு, தெளிப்பு, அறுவடை நாட்களை அப்பாவையே தன் கையால் குறிக்கச் சொல்லுங்கள். உங்கள் பன்னிரண்டு வாரத்தை அவர் வட்டம் போடாத நாட்களில் பொருத்துங்கள். பொருந்தவில்லை என்றால் தொடக்கத்தை அறுவடைக்குப் பிறகு தள்ளி வையுங்கள். அதற்குள் ஒரு நல்ல மழை வந்துவிடும், குச்சிகளையும் நட்டுவிடலாம்.